பதினேழாம் எண் போட்ட மார்க்

ஐயா,

போன வாரம் ஒரு நாள் காலை ஆராய்ச்சிப் படிவங்களை வைத்திருந்த துணிப்பையைக் கவிழ்த்தபோது உங்கள் எலுமிச்சம்பழம் உருண்டு வந்து தரையில் விழுந்தது. அதைப் பழம் என்று இப்போது சொல்ல முடியாது. காய்ந்து கறுத்து, கோலிக்குண்டு மாதிரி இறுகிக் கிடந்தது. நீங்கள் கீறுகிற மாதிரியே நகத்தால் கீறி மூக்கருகில் வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் வாசம் மிச்சம் இருந்தது. அந்த வாசத்துக்கு எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம்தான் வந்தது. செத்துப்போனவர் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். நீங்கள் செய்துவிட்டுப் போன வேலைக்கு அந்தச் சலுகையை உங்களுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

உங்கள் பெயரை இதில் எழுத மாட்டேன். ஆராய்ச்சியில் சேரும் நோயாளிகளின் பெயரை எங்கேயும் வெளியிட மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். என் ஆய்வேட்டில் நீங்கள் பதினேழாம் எண். எண் ஒட்டிய சீட்டைப் பார்த்து, "மில்லுலயும் எனக்கு நம்பருதான், இங்கயும் நம்பரா?" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை நம்பித்தான் நான் கெட்டேன்.

செவ்வாய், வியாழன், சனி. காலை ஏழு மணி ஷிப்ட், நாலாம் கட்டில். முதலியார்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து, எல்லோருக்கும் முன்னால் எடை மேடையில் ஏறி நிற்பீர்கள். துணி மில் மூடிய பிறகு சேதராப்பட்டில் ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேனாக உட்கார்ந்திருந்தவர், சிறுநீரகம் போனபின் எங்கள் டயாலிசிஸ் பிரிவுக்கு வந்தீர்கள். நாலு மணி நேரம் உங்கள் ரத்தம் எங்கள் இயந்திரத்துக்குள் போய்த் திரும்பி வரும். அந்த நாலு மணி நேரமும் வாய் ஓயாது. தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும் என்பதால் நாக்கு வறண்டுவிடும். அதற்குத்தான் சட்டைப் பையில் எலுமிச்சம்பழம். "தின்ன மாட்டேம்மா, மோந்துதான் பாப்பேன்" என்று நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவீர்கள்.

அந்த வருடங்களில்தான் நான் ஆன்லைனில் டாக்டர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தேன். கடல் தாண்டி எங்கேயோ இருக்கும் பல்கலைக்கழகம். அதன் வாசலை நான் மிதித்ததில்லை. அந்த வாசலுக்குக் கதவு இருக்கிறதா, கேட் இருக்கிறதா என்றுகூடத் தெரியாது. பதினெட்டு வருடம் டயாலிசிஸ் பிரிவில் குனிந்து குனிந்து ஊசி போட்டு என் இடுப்பு போய்விட்டது. நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கும் வேலைக்குப் போக வேண்டும், அதற்குப் பட்டம் வேண்டும். இது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. நோயாளியிடம் ஒரு நர்ஸ் தினமும் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் அவர் வாழ்க்கை எவ்வளவு தேறுகிறது என்று எண்ணில் காட்டிவிட்டால், ஷிப்டுக்கு ஒரு நர்ஸ் கூடுதலாகக் கேட்கலாம் என்று நம்பினேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

படிப்பதற்கு அனுமதிக் கடிதம் கேட்டுப் போனபோது அலுவலகத்தில் இருந்தவர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு கேட்டார். "ஏம்மா, நர்சுக்கு எதுக்கு டாக்டர் பட்டம்? ஊசி குத்தத் தெரிஞ்சா பத்தாதா?" சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்ற கதையாக, மேலிடம் சரி என்று சொன்ன பிறகும் அந்தக் கடிதம் அவர் மேசையில் நாலு மாதம் தூங்கியது. கூட வேலை செய்கிறவர்கள் எனக்கு "டாக்டரம்மா" என்று பெயர் வைத்தார்கள். ரத்தம் சிந்தினால், "டாக்டரம்மா, கொஞ்சம் தொடச்சுட்டுப் போங்க" என்பார்கள்.

வகுப்பு ஞாயிற்றுக்கிழமை மதியம். எங்கள் வீடு லாஸ்பேட்டையில், விமான நிலையத்துக்குப் பக்கம். வருவதே ஒன்றோ இரண்டோ விமானம். அது சரியாக நான் வாயைத் திறக்கும் நேரத்தில்தான் தலைக்கு மேல் இறங்கும். இன்னொரு நாட்டில் உட்கார்ந்திருக்கும் என் வழிகாட்டிப் பேராசிரியர் அது ஓய்வதற்குள் அடுத்த மாணவருக்குப் போய்விடுவார். அத்தியாயத்தை அனுப்பினால் கிணற்றில் போட்ட கல். ஆறு வாரம் கழித்து ஒரு வரி வரும்: "மேலும் ஆழமாக எழுதவும்." எவ்வளவு ஆழம் என்று சொல்ல மாட்டார். பக்கங்களைப் பதிவேற்றும் தளம் ஒரு நாள் என் இருநூறு பக்கத்தை விழுங்கிவிட்டு, "மீண்டும் முயலவும்" என்றது. நான் அன்று அதைத் திட்டிய திட்டை உங்களிடம்கூடச் சொன்னதில்லை.

முதல் சுற்றுக் கேள்விகளை உங்களிடம் கேட்ட நாள் நினைவிருக்கிறதா? பத்துக் கேள்விகள். நான்தான் தமிழில் எழுதினேன். அரிப்பு, தாகம், பசி, மனக்கவலை, இப்படி. பத்து என்றால் தொந்தரவே இல்லை, பூஜ்யம் என்றால் தாங்கவே முடியவில்லை. நீங்கள் கவனமாகக் கேட்டுவிட்டு, "பத்துக்கா? இருபதுக்கு இல்லியா?" என்றீர்கள்.

"ஏன் ஐயா இருபது?"

"நான் படிச்ச பிரெஞ்சு பள்ளிக்கூடத்துல இருபதுக்குத்தாம்மா மார்க். அஞ்சாவது வரைக்கும் எனக்குப் பன்னெண்டுக்கு மேல வந்ததில்ல."

நான் சிரித்தேன். அதோடு விட்டுவிட்டேன். மார்க் என்ற அந்தச் சொல்லில் அப்போதே நான் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். அன்று நீங்கள் உண்மையைத்தான் சொன்னீர்கள். அரிப்புக்கு மூன்று, தாகத்துக்கு இரண்டு, கவலைக்கு நாலு. அந்தப் படிவம் இதோ என் முன்னால் இருக்கிறது.

அதன் பிறகு மூன்று மாதம், ஒவ்வொரு நோயாளியிடமும் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசினேன். உங்களிடம் பேசியது பத்து நிமிடத்தில் முடிந்ததே இல்லை. நீங்கள் தறிக்கதை சொல்வீர்கள். மேலே இருந்து துணி பார்க்க ஆள் வந்தால், நல்ல மேஸ்திரியாக இருந்தால் தறிக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து அவரைக் காப்பாற்றுவார்களாம். குறை விழுந்த துணி அடியில் போய்விடும், நல்ல துணி மேலே வந்துவிடும். வந்தவர் பார்த்துவிட்டு, ஆகா என்று சொல்லிவிட்டுப் போவாராம். "மோசமான மேஸ்திரின்னா நாங்களே ஓட்டைத் துணிய எடுத்து மேல வெப்போம்" என்று கண்ணடித்தீர்கள். நானும் ரசித்துக் கேட்டேன். அந்தக் கதை ஒரு நாள் என் தலையிலேயே விடியும் என்று யாருக்குத் தெரியும்.

இரண்டாம் சுற்றுக்கு முந்தின வாரம் அது நடந்தது. டயாலிசிஸ் திரவக் கேன்கள் அடுக்கியிருக்கும் அறையில் நின்று பேராசிரியரோடு போனில் பேசினேன். கையில் கையுறை இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். முதல் சுற்றைப் பற்றி எழுதிய அத்தியாயம் திருப்தியாக இல்லை, இப்படியே போனால் இது தேறாது என்று ஆங்கிலத்தில் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால், கதவுக்கு அந்தப் பக்கம் நாலாம் கட்டில்.

"இன்னாமா, வாத்தியார் திட்றாரா?"

"ஆமா ஐயா. உங்க நம்பரெல்லாம் ஏறலன்னா எனக்குப் பட்டம் கெடைக்காது போலிருக்கு."

அலுப்பில் சொன்னது அது. உண்மைகூட இல்லை. எண்கள் ஏறாவிட்டாலும் அதுவும் ஒரு முடிவுதான், அதையும் எழுதலாம். இது எனக்குத் தெரியும். உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் எலுமிச்சம்பழத்தை எடுத்து முகர்ந்துவிட்டு, இயந்திரத்தின் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

இரண்டாம் சுற்றில் எண்கள் ஏறின. ஏழு, எட்டு. உங்களுக்கு மட்டும் இல்லை, அந்த ஷிப்டில் எல்லோருக்கும். நான் வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகையில் பாட்டே பாடினேன். பேராசிரியர் முதல் தடவையாக ஒரே நாளில் பதில் போட்டார். மூன்றாம் சுற்று ஒரு சனிக்கிழமை வந்தது. நான் கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் நீங்கள் "பத்து" என்றீர்கள். தாகத்துக்குப் பத்து. சொல்லும்போதே உங்கள் கட்டைவிரல் பழத்தைக் கீறிக்கொண்டிருந்தது. ஆறாவது கேள்வி, படுத்துத் தூங்க முடிகிறதா. பத்து. எனக்கு அன்று இன்னும் ஏழு பேர் பாக்கி இருந்தார்கள். நான் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, எழுதிக்கொண்டிருந்தேன். எடை கொஞ்சம் கூடியிருந்தது. கேட்டதற்குக் கறிக்குழம்பு என்றீர்கள். டாக்டர் உடம்பிலிருந்து கூடுதலாக நீர் எடுக்கச் சொன்னார், எடுத்தோம். மின்விசிறிக் காற்றில் தாள்கள் பறக்கின்றன என்று நீங்கள்தான் பழத்தை எடுத்துப் படிவக் கட்டின் மேல் வைத்தீர்கள். நான் அப்படியே பையில் போட்டுக்கொண்டு போய்விட்டேன்.

சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில்தான் எங்களுக்குப் பயம். வாரத்தில் இயந்திரம் இல்லாமல் உடம்பில் நீர் தேங்கும் நீண்ட இடைவெளி அதுதான். செவ்வாய்க்கிழமை நாலாம் கட்டில் காலியாக இருந்தது. உங்கள் மருமகன் போன் செய்து, திங்கட்கிழமை விடியற்காலையே போய்விட்டீர்கள் என்றார். இயந்திரத்தைத் துடைத்து அடுத்தவருக்குத் தயார் செய்தேன். வேறென்ன செய்ய முடியும்?

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உங்கள் மனைவி வந்தார். உங்கள் சிகிச்சை அட்டையையும், நாங்கள் கொடுத்திருந்த போர்வையைத் துவைத்து மடித்தும் கொண்டுவந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் கேட்டது இதுதான்.

"பாஸ் ஆயிட்டியாம்மா?"

"இன்னும் இல்லம்மா. எழுதிக்கிட்டிருக்கேன்."

"ஆயிடுவ. அவுரு எல்லாத்துக்கும் பத்து போட்டுட்டேன்னு சொன்னாரு. படுத்தா மூச்சு முட்டுதுன்னு இருவது நாளா செவுத்துல சாஞ்சுக்கினுதான் தூங்குனாரு. சிஸ்டராண்ட சொல்லுய்யான்னு தலதலயா அடிச்சுக்கினேன். பரிச்ச முடியட்டும்டி, இப்ப சொன்னா அந்தப் பொண்ணுக்கு மார்க் கொறஞ்சுடும்னுட்டாரு."

போர்வையை வாங்கிக்கொண்டேன். அவருக்கு மோர் வாங்கிக் கொடுத்து ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். பிறகு ஐந்தாம் கட்டிலுக்கு வந்தேன். வீராம்பட்டினத்திலிருந்து வருகிற மீன்கார அக்கா, உங்களோடு தினமும் வாய்ச்சண்டை போடுவாரே, அவர்.

"அக்கா, கேள்விக்கெல்லாம் எவ்ளோ போடணும்னு ஐயா உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

அவர் முகம் மலர்ந்தது. "சொன்னாரு சிஸ்டர். கட்டில் கட்டிலா சொல்லி வெச்சாரு. நம்ம சிஸ்டரு தோக்கக் கூடாது, யாரும் கொறச்சுப் போடாதீங்கன்னு. நாங்க எல்லாம் ஒத்துமையா போட்டோம்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தப்பா சிஸ்டர்?" என்றார்.

தப்பில்லை என்று சொன்னேன். அவரிடம் வேறென்ன சொல்வது? ஐயா, உங்களிடம் சொல்கிறேன். தப்புதான். நீங்கள் எனக்குச் சங்கம் வைத்து, வேலை நிறுத்தம் மாதிரி ஒற்றுமையாகப் பொய் சொல்ல வைத்துவிட்டுப் போனீர்கள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு பிடித்தீர்கள். குறை விழுந்த துணியை அடியில் மறைத்தீர்களே, அந்தத் துணி உங்கள் உடம்பு என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா? படுக்க முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிட்டிருப்பேன், அன்றைக்கே நெஞ்சுக்கு ஸ்கேன் எடுத்திருப்போம். பிழைத்திருப்பீர்கள் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் பார்த்திருப்போம். வீங்கின கணுக்காலோடு என் முன்னால் சாய்ந்திருந்தவரை விட்டுவிட்டு நான் தாளைப் பார்த்தேன். அதைவிட எனக்கு எரிச்சல், அந்த எண்களைப் பார்த்துப் பாட்டுப் பாடினேனே, அது.

பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திரையில் அவர் முகம் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. இணையம்தான் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு பேசினார். நோயாளிகள் இப்படிச் செய்வது உலகம் முழுக்க உள்ளதுதான், குறைபாடுகள் என்ற தலைப்பில் ஒரு பத்தி எழுதிவிட்டு மாதக் கடைசிக்குள் பதிவேற்றுங்கள் என்றார். "பதினேழாம் எண் மூன்று சுற்றையும் முடித்திருக்கிறார் அல்லவா? அப்படியானால் முழுமையான தரவு" என்று பாராட்டுவது போலச் சொன்னார்.

முழுமையான தரவு. உங்கள் பத்துப் பத்துகளும் அட்டவணையில் மிக அழகாக இருக்கின்றன ஐயா. கோடு இடமிருந்து வலமாக ஏறிக்கொண்டே போகிறது. உச்சியில் போய் முடிகிற இடத்தில் நீங்கள் செத்துப்போகிறீர்கள். அது படத்தில் தெரியாது.

ஒரு பத்தி எழுதினால் போதும். நாலு வருட உழைப்பு கரையேறிவிடும். நர்சிங் கல்லூரியில் இந்த வருடம் ஒரு இடம் காலியாகிறது, அடுத்த வருடம் எனக்கு வயது தாண்டிவிடும். இடுப்புக்குப் பெல்ட் போட்டுக்கொண்டு ஊசி குத்துகிறவளுக்கு இது சின்ன விஷயமில்லை. "ஊர்ல எவன் உண்மைய எழுதறான்? போட்டுட்டு வா" என்றார் என் கணவர். அவர் கெட்டவரில்லை. நாலு வருடமாக ஞாயிற்றுக்கிழமைச் சமையல் அவருடையது.

அந்தப் பத்தியை எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவையும் ஆறாம் கேள்வியில் வந்து நின்றேன். பத்து நிமிடம் நர்ஸ் பேசியதால் நோயாளிகள் நன்றாகத் தூங்கினார்கள் என்று என் ஆய்வேடு சொல்கிறது. அதை நம்பி எங்கோ ஒருத்தி தன் நோயாளியின் தாளைப் பார்த்து எழுதிக்கொண்டே போவாள். முகத்தைப் பார்க்க மாட்டாள். அவளுக்கு ஏன் என் புத்தியைக் கொடுக்க வேண்டும்?

அதனால் இரண்டாம் சுற்றையும் மூன்றாம் சுற்றையும் எடுத்துவிடுகிறேன், முதலிலிருந்து செய்கிறேன், இந்த முறை வேறு வார்டிலிருந்து ஒரு சிஸ்டர் வந்து கேள்வி கேட்பார், ஒரு வருடம் கூடுதலாக வேண்டும் என்று கடிதம் அனுப்பினேன். வழக்கம்போல் கிணற்றில் போட்ட கல். தளத்தில் என் பெயருக்கு எதிரே சிவப்பில் "தாமதம்" என்று வருகிறது. கல்லூரி வேலை போனது போனதுதான். "இன்னா டாக்டரம்மா, எப்ப பட்டம்?" என்று ஒருவர் விடாமல் கேட்கிறார்கள். உங்களால்தான் என்று சொல்லவும் முடியவில்லை. என்னால் என்றும் சொல்ல முடியவில்லை. நீங்கள் கேட்டது என் வாயிலிருந்து விழுந்த வார்த்தை அல்லவா.

போன வியாழக்கிழமை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லத்தான் கோபத்தோடு கோபமாக இதை எழுத உட்கார்ந்தேன். ஐந்தாம் கட்டில் அக்காவுக்கு ஊசி போட்டுவிட்டு, கையுறையைக் கழற்றிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அக்கா, நேத்து எப்பிடித் தூங்குனீங்க?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கைகளைப் பார்த்தார், அப்புறம் மடியைப் பார்த்தார்.

"பேப்பரு எடுத்தாரலியா சிஸ்டர்?"

"இல்லக்கா."

"மெய்யாலுமா?"

"மெய்யாலும் இல்ல. பாருங்க." இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன்.

அவர் நாலாம் கட்டில் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அங்கே இப்போது வேறு யாரோ படுத்திருக்கிறார்கள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மூணு தலவாணி வெச்சாதான் கண்ணு சொக்குது. மல்லாந்து படுத்தா யாரோ நெஞ்சு மேல குந்திக்கினாப்புல இருக்குது. பத்துக்கு ரெண்டுதான் சிஸ்டர். நீ ஃபெயிலாப் பூட்டா பரவால்லியா?"

"பரவால்லக்கா" என்று சொல்லிவிட்டு டாக்டருக்குப் போன் போட்டேன். அன்று மதியமே ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருந்தது. எடுத்துவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை, நான் ஊசியை வலிக்கக் குத்திவிட்டேன் என்று ஷிப்ட் முழுக்கக் கேட்கும்படி என்னைத் திட்டினார்.

உங்கள் பழத்தைக் குப்பையில் போடவில்லை. வேலைக்குப் போடும் சட்டையின் பையில் வைத்திருக்கிறேன். நோயாளியிடம் உட்காரும்போது பேனா தேடிக் கை அங்கே போனால் முதலில் அதுதான் தட்டுப்படுகிறது. கையை வெறுமனே வெளியே எடுத்துக்கொண்டு அவர்கள் முகத்தைப் பார்க்கிறேன்.

அந்த அக்கா எனக்கு இரண்டு போட்டார், அவர் இருக்கிறார். நீங்களும் ஒரு இரண்டு போட்டிருக்கலாம் ஐயா.